கோழிக்குஞ்சைக் கவர்ந்தது எது?

புறக்கடையில் கோழி வளர்க்க எமது கிளைக்கு வரும் கடன் விண்ணப்பங்களில் குஞ்சின் விலை இருக்கும். தீவனச் செலவு இருக்கும். தடுப்பூசிக்கும் மருந்துக்கும் ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருக்கும். பருந்துக்கும் பாம்புக்கும் உடும்புக்கும் நாய்க்கும் போகும் பங்கு மட்டும் எந்த மதிப்பீட்டிலும் இடம்பெறுவதில்லை. ஆனால் கடன் வழங்கிய பிறகு வீடுகளைப் பார்வையிடச் செல்லும்போது நாங்கள் முதலில் கேட்கும் செய்தி அநேகமாக அந்தப் பங்கைப் பற்றியதாகவே இருக்கிறது.

வட அந்தமானின் திக்லிபூர்ப் பகுதியில் இந்த இழப்பு கூடுதலாகவே உறைக்கும். வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்தப்பட்ட இனக் குஞ்சுகளானாலும், தீவனமானாலும், கம்பி வலையானாலும், பெரும்பகுதி கப்பலேறித் தலைநகருக்கு வந்து, அங்கிருந்து அந்தமான் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் பயணம் செய்து இங்கு வந்து சேர வேண்டும். இழந்த குஞ்சுக்கு மாற்றாக வேறொன்றை அடுத்த சந்தையிலேயே வாங்கிவிடலாம் என்ற வசதி இங்கில்லை.

சென்ற மழைக்காலத்தில் காளிப்பூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்குப் பார்வையிடச் சென்றிருந்தோம். முப்பது குஞ்சுகள் வாங்கிய வீடு. இரண்டு வாரங்களில் பதினொன்று காணாமற்போயிருந்தன. "பக்கத்து வீட்டு நாய்தான் சார், வேறு எது வரப்போகிறது?" என்றார் அந்த அம்மையார். பேச்சோடு பேச்சாக, சோற்றில் மருந்து கலந்து வேலியோரம் வைக்கப்போவதாகவும் சொன்னார். இரு வீட்டாருக்கும் அதற்குள் பேச்சுவார்த்தை நின்றுபோயிருந்தது. ஆனால் வாசலிலோ தோட்டத்திலோ ஓர் இறகுகூடச் சிதறியிருக்கவில்லை. நாய் அவ்வளவு சுத்தமாக வேலை செய்யும் பிராணியன்று. அந்தக் குஞ்சுகளை எது கொண்டுபோனது என்பதைச் சற்றுப் பின்னால் கூறுகிறோம்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறியவர்கள், கோழிக்குப் பகை என்றவுடன் நரியையும் காட்டுப்பூனையையும் நினைத்துக்கொள்வது இயல்பு. அவை இரண்டும் அந்தமான் காடுகளில் இல்லை. இந்தத் தீவுகள் பெருநிலத்தோடு ஒட்டாமல் கடல் நடுவே தனித்திருப்பதால், ஊனுண்ணி இனத்துப் பாலூட்டிகளில் இங்கு இயற்கையாக வாழ்வதாகச் சொல்லத்தக்கது முகத்தில் வெள்ளைப்பட்டை கொண்ட மரநாய் ஒன்றே. நாயும் பூனையும் மனிதன் கொண்டுவந்தவை. மற்றபடி இங்குள்ள கோழியின் பகைகள் பெரும்பாலும் பறப்பனவும் ஊர்வனவுமாகவே இருக்கின்றன. ஊரில் பழகிய அனுபவத்தை அப்படியே இங்கே பொருத்திப் பார்த்தால் தடம் தவறும்.

தடம் பார்ப்பதற்கும் முன்னதாக ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இறந்து கிடக்கும் கோழியை ஏதோ ஒன்று தின்றிருக்கிறது என்பதனாலேயே அது கொன்றது என்று ஆகிவிடாது. வெள்ளைக்கழிச்சலில் இரவில் செத்துவிழுந்த கோழியை விடியற்காலையில் காகமோ எலியோ பூனையோ கொத்தித் தின்றிருக்கலாம். கடிபட்ட இடத்தின் தோலைச் சற்று விலக்கிப் பாருங்கள். உயிரோடிருக்கையில் கடிபட்டிருந்தால் தோலுக்கடியில் இரத்தம் கட்டிச் சிவந்திருக்கும். செத்த பின் கடித்ததாயின் அந்த இரத்தக்கட்டு இராது. இரத்தக்கட்டு இல்லையெனில், கூண்டைப் பழுதுபார்ப்பதற்கு முன் கால்நடை மருத்துவமனைக்குச் செல்வதே முறை. முதல் வாரத்திலும் எட்டாம் வாரத்தையொட்டியும் போடவேண்டிய வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைத் தவறவிட்டுவிட்டு மரநாயின் மீது பழி போடும் வீடுகளையும் நாங்கள் கண்டிருக்கிறோம். இப்படிப் பார்க்கும்போது கையுறை அணிந்துகொள்ளுங்கள். பல கோழிகள் ஒரே நாளில் மடிந்திருந்தால் எதையும் தொடாமல் கால்நடைத் துறைக்குத் தெரிவித்துவிடுங்கள்.

இனி அடையாளங்களுக்கு வருவோம். மூன்று கேள்விகளே பாதி விடையைத் தந்துவிடும். பகலில் நேர்ந்ததா, இரவிலா? போனது குஞ்சா, வளர்ந்த கோழியா, முட்டையா? எஞ்சிக் கிடப்பது என்ன?

பகலில் வானத்திலிருந்து வருபவை பருந்தினமும் காகமும். அந்தமான் காகம் பருமனான அலகுடைய காட்டுக்காக வகையைச் சேர்ந்தது. தாய்க்கோழி ஒரு கணம் திரும்பும் நேரத்தில் குஞ்சைக் கவ்விச் சென்றுவிடும். திறந்த கூட்டிலிருந்து முட்டையையும் எடுத்துச் செல்லும். ஓரிரண்டு வாரக் குஞ்சுகளுக்கே அதனால் ஆபத்து அதிகம். பருந்துக் கழுகு இன்னும் பெரிய கோழியையும் தூக்கும். தூக்க இயலாததை அங்கேயே வைத்து இறகைப் பிடுங்கி மார்புச் சதையைத் தின்னும். ஓரிடத்தில் வட்டமாக இறகு குவிந்திருந்தால் பெரும்பாலும் அதுவே. வயலோர மரங்களில் அசையாமல் அமர்ந்திருக்கும் பாம்புப் பருந்தையும், ஏரியல் பே கடற்கரையில் வட்டமிடும் வெண்வயிற்றுக் கடற்கழுகையும் பார்த்து மக்கள் வீணாக அஞ்சுகிறார்கள். முன்னதன் விருப்பம் பாம்பும் ஓணானும். பின்னதன் விருப்பம் மீனும் கடற்பாம்பும்.

பகலில் தரைவழியே வருவதில் முதலிடம் நீர் உடும்புக்கு. கல்போங் ஆற்றங்கரையிலும் ஓடைகளிலும் சதுப்புக்காட்டு ஓரங்களிலும் அது தாராளமாக உண்டு. முட்டையின் மணத்தை அதன் பிளந்த நாக்கு வெகுதொலைவிலிருந்தே கண்டுகொள்ளும். முட்டையையும் குஞ்சையும் முழுதாகவே விழுங்குவதால் எச்சம் கிடைப்பதரிது. ஆனால் ஈரமண்ணில் தடத்தை விட்டுச் செல்லும். இரு பக்கமும் நீண்ட நகங்களோடு கூடிய பாதச் சுவடுகள், நடுவே வால் இழுபட்ட கோடு. இந்தக் கோட்டைக் கண்டவர்களுக்கு வேறு சாட்சி தேவையில்லை.

இரவில் முட்டைகள் ஓடுகூட இல்லாமல் மறைந்தாலோ, பூட்டிய கூண்டுக்குள்ளிருந்தே குஞ்சுகள் எண்ணிக்கையில் குறைந்தாலோ பாம்பை நினைக்க வேண்டும். சில வேளைகளில் வளர்ந்த கோழியொன்று காயமின்றிச் செத்துக் கிடக்கும். தலையும் கழுத்தும் மட்டும் எச்சில் பட்டதுபோல் நனைந்து இறகு ஒட்டியிருக்கும். விழுங்க முயன்று இயலாமல் பாம்பு விட்டுச் சென்றதன் அடையாளம் அது. முட்டை தேடி வருபவை பெரும்பாலும் சாரை போன்ற நஞ்சற்ற பாம்புகளே. இருந்தபோதிலும் அந்தமானுக்கே உரிய தனி நாகமும் தனிக் கட்டுவிரியனும் இத்தீவுகளில் வாழ்கின்றன. கோழிக்கூண்டுக்கு எலி வந்தால் எலியைத் தேடி அவையும் வரும். ஆகையால் இருட்டில் அடைக்கோழியின் கீழ் வெறுங்கையை விட்டு முட்டை எடுக்கும் வழக்கத்தை இன்றே கைவிடுமாறு எம் வாடிக்கையாளர்களை வேண்டுகிறோம். இது கோழியைப் பற்றிய வேண்டுகோளன்று.

மரநாய் இரவில் மட்டுமே வரும். மரத்திலேறிக் கூரைவழி இறங்கும். கழுத்திலும் தலையிலும் கடித்துக் கொல்லும். தலையையும் மார்பையும் தின்றுவிட்டு மிச்சத்தை அங்கேயே விடுவதும் உண்டு. அதற்குப் பழங்களே முதன்மையான உணவு. எனவே அது உலவும் இடத்தில் பப்பாளி, வாழை, காட்டுப்பழ விதைகள் நிறைந்த எச்சத்தைக் கூரையிலோ பாறையிலோ காணலாம். வாழைத்தார் பழுத்துத் தொங்கும் வீட்டுக் கூண்டுதான் அதன் கண்ணில் முதலில் படுகிறது என்பது எம் அனுமானம்.

நாயின் வேலை இதற்கு நேர்மாறானது. ஒன்றிரண்டைத் தின்பதற்காக அது வருவதில்லை. துரத்துவதில் அதற்கு ஓர் ஆர்வம். எனவே ஒரே தாக்குதலில் பத்துப் பன்னிரண்டு கோழிகள் முதுகிலும் தொடையிலும் குதறப்பட்டு ஆங்காங்கே சிதறிக் கிடக்கும், தின்றது மிகச் சொற்பமாயிருக்கும், வலை கிழிந்திருக்கும், கதவருகே மண் பறிக்கப்பட்டிருக்கும். பூனை குஞ்சையும் இளங்கோழியையும் தனித்தனியே எடுத்துச் சென்று மறைவிடத்தில் தின்னும். எலி குஞ்சுகளைப் பொந்துக்குள் இழுக்கும், உறங்கும் கோழியின் காலையும் கடிக்கும். இறகுமில்லை, தடமுமில்லை, கதவின் கொக்கி போட்டபடியே இருக்கிறது, போனவையெல்லாம் நன்றாகக் கொழுத்த சேவல்கள் என்றால், அந்த விலங்குக்கு இரண்டு கால்கள். அதற்கான தீர்வு இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

காளிப்பூர் வீட்டுக்குத் திரும்புவோம். அந்த அம்மையாரிடம் நாங்கள் கேட்டவை மேற்சொன்ன மூன்று கேள்விகள்தாம். காணாமற்போனவை அனைத்தும் மூன்று வாரத்துக்குட்பட்ட குஞ்சுகள். மழை பெய்த நாள்களில், பொழுது சாயும் நேரத்தில் போயிருக்கின்றன. எச்சம் ஏதுமில்லை. வீட்டின் பின்புறம், மீன் வளர்க்க வெட்டிய சிறு குளம். கரையில் புல் மண்டியிருந்தது. தேதிகளை அவருடைய மகள் பள்ளிக் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தபடியால் மழையோடு பொருத்திப் பார்க்க முடிந்தது. அன்று மாலை ஆறு மணிக்கு டார்ச் விளக்கோடு குளக்கரையில் நின்றபோது விடை எதிரிலேயே அமர்ந்திருந்தது. கையகலத்தை மிஞ்சிய பெருந்தவளைகள். எண்ணியவரை ஒன்பது.

தவளை கோழிக்குஞ்சைத் தின்னுமா என்று வாசகர்கள் ஐயுறலாம். தின்னும். தமிழ்நாட்டு வயல்களில் முதல் மழைக்கு மஞ்சள் பூத்துக் கத்துகிறதே, அதே பெருந்தவளைதான். 15 சென்டிமீட்டருக்கு மேலும் வளரக்கூடியது. வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்குவது. அது அந்தமானுக்கு உரியதன்று. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திற்குப் பிறகே பெருநிலத்திலிருந்து இங்கு வந்து பரவியது. குளங்களில் விடுவதற்காகக் கொண்டுவரப்பட்ட மீன்குஞ்சுகளோடு அதன் தலைப்பிரட்டைகளும் கலந்து வந்திருக்க வேண்டும் என்பது இதனைக் கள ஆய்வு செய்தவர்களின் முடிவு. தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இத்தீவுகளில் நடத்திய ஆய்வுகளில், இத்தவளை ஓணான், பூரான், உள்ளூர்த் தவளைகள் ஆகியவற்றைத் தின்பதும், இதன் தலைப்பிரட்டைகள் மற்றத் தவளைகளின் தலைப்பிரட்டைகளை உண்டு அழிப்பதும் பதிவாயின. கோழிக்குஞ்சுகளையும் மீன்களையும் இழப்பதாகத் தீவுவாசிகளும் அவர்களிடம் கூறியிருக்கிறார்கள். மீன்குளமும் கோழியும் ஒரே புறக்கடையில் இருப்பது நல்ல ஒருங்கிணைந்த பண்ணைமுறை என்று நாங்களே பரிந்துரைத்து வந்திருக்கிறோம். இந்தத் தவளையை அந்தப் பரிந்துரையில் சேர்த்திருக்கவில்லை.

தீர்வு எளிதாக இருந்தது. ஐந்து வாரம் முடியும்வரை குஞ்சுகளைத் தாயோடு மூங்கில் பஞ்சாரத்திலும் அதனையொட்டிய சிறு வலையடைப்பிலும் வைத்தார்கள். குளத்தைச் சுற்றி முழங்கால் உயரத்துக்கு நெருக்கமான நைலான் வலையை, அடிவிளிம்பு மண்ணுக்குள் புதையுமாறு கட்டினார்கள். கரைப்புல்லை அறுத்தார்கள். அடுத்த முறை மீன்குஞ்சு வாங்கும்போது வாளியில் தலைப்பிரட்டை இருக்கிறதா என்று பார்த்து விடுவதாகச் சொன்னார்கள். அதன்பின் அந்த வீட்டில் ஒரு குஞ்சு மட்டும் போயிற்று. அது காகத்தின் கணக்கு. சோற்றில் மருந்து வைக்கும் பேச்சு அன்றோடு நின்றது.

கூண்டைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும். செலவு செய்யத் தகுந்த இடம் அதுதான். கடைகளில் கோழிவலை என்றே விற்கப்படும் அறுகோணக் கண்ணி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்குமேயன்றி, பகை உள்ளே வராமல் தடுக்காது. நாய் அதனைப் பல்லால் கிழிக்கும். எலியும் பாம்பும் கண்ணிவழியே நுழையும். துத்தநாகப் பூச்சுடைய, பற்றவைத்த கம்பி வலை, அரை அங்குலத்துக்கு மேற்படாத கண்ணியுடன் வேண்டும். உப்புக்காற்றும் ஆண்டில் ஏழெட்டு மாத மழையும் உள்ள ஊரில் பூச்சில்லாத கம்பி நெடுநாள் நில்லாது. கூண்டு தரையில் இருந்தால் வலையைச் சுவரடியிலிருந்து வெளிப்புறமாக ஒன்றரை, இரண்டு அடி அகலத்துக்குத் தரையில் விரித்து மண் மூடிவிடுங்கள். தோண்டும் பிராணி சுவரோரத்திலேதான் தோண்டத் தொடங்கும். வலை தட்டுப்பட்டதும் பின்வாங்கி இரண்டடி தள்ளித் தோண்டும் யோசனை அதற்கு வருவதில்லை.

கால்கள் மீது இரண்டு மூன்று அடி உயர்த்திக் கட்டிய கூண்டு இங்கே இன்னும் பொருத்தமானது, ஈரமும் குறையும். தென்னையில் எலி ஏறாதிருக்கத் தகரப்பட்டை அடிப்பதில்லையா, அதே தகரத்தைக் கூண்டின் கால்களிலும் கூம்பாக அடித்துவிட்டால் எலியும் பாம்பும் ஏறுவது கடினமாகும். கூண்டைத் தொட்டு நிற்கும் மரக்கிளையை வெட்டிவிடுங்கள். மரநாயின் பாதை அது. கதவுக்கு வெறும் கொக்கி போதாது; இழுத்துத் திருப்பும் தாழ்ப்பாள் நல்லது. பகலில் மேயும் இடத்தின்மேல் பழைய மீன்வலையைக் கட்டினால் காகமும் பருந்தும் இறங்கமாட்டா. ஆனால் அந்த வலை தொய்ந்து தரையில் கிடக்கக்கூடாது. பாம்பும் உடும்பும் அதில் சிக்கி உயிர்விடும். வலைக்கு வழியில்லாதவர்கள், கோழி ஓடி ஒளியத்தக்க புதர்களையும் தாழ்ந்த வாழைக் கன்றுகளையும் மேய்ச்சலிடத்தில் விட்டுவைத்தாலே பருந்தின் வெற்றி வெகுவாகக் குறையும். சுத்தமாகப் பெருக்கிய வெட்டவெளி முற்றம்தான் பருந்துக்கு மிகவும் வசதியானது.

கூண்டு எவ்வளவு உறுதியாயிருந்தாலும் அடைக்கும் நேரம் தவறினால் பயனில்லை. நாட்டின் கீழ்க்கோடியில் இருந்துகொண்டு பெருநிலத்தின் கடிகாரத்தைப் பின்பற்றுகிறோம். டிசம்பரில் திக்லிபூரில் மாலை ஐந்து மணியளவில் சூரியன் மறைந்துவிடுகிறது. அலுவலகத்திலிருந்தோ கடையிலிருந்தோ ஆறு மணிக்கு வீடு திரும்பிக் கூண்டை மூடுகிறவர், ஒரு மணி நேரம் தாமதமாகவே மூடுகிறார். எமது கிளை ஊழியர் ஒருவர் இப்படியே நான்கு கோழிகளை இழந்தார். இப்போது அவருடைய வீட்டில் அடைக்கும் பொறுப்பு, நாலரை மணிக்கு வீட்டிலிருக்கும் மாமியாரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது.

எது வருகிறது என்று இன்னமும் தெரியாதவர்கள், கூண்டைச் சுற்றி ஓரடி அகலத்துக்குச் சலித்த சாம்பலை மாலையில் தூவிவிட்டுக் காலையில் பாருங்கள். மழையில்லாத இரவாயிருக்க வேண்டும் என்பதொன்றே நிபந்தனை. தடத்தைக் கைபேசியில் படமெடுத்துக் கால்நடை மருத்துவரிடமோ, நிம்புதேராவிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமோ காட்டலாம்.

பொறிவைத்தும் நஞ்சிட்டும் கொல்வதைப் பற்றி ஒரு சொல். உடும்பு, கழுகினங்கள், நாகம் முதலியவை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பிறகு, அவ்வட்டவணை விலங்கைக் கொல்வோருக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. மரநாயும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்குட்பட்டதே. கூண்டுக்குள் பாம்போ உடும்போ அகப்பட்டுக்கொண்டால் திக்லிபூர் வனக்கோட்ட அலுவலகத்துக்குத் தெரிவியுங்கள். நாய்க்கு நஞ்சிடுவதும் குற்றமே. உரிமையாளரோடு பேசுவதும், தெருநாயானால் ஊராட்சியிடம் கருத்தடைக்கு முறையிடுவதுமே வழி. எலிமருந்து இன்னொரு வகையில் தீங்கானது. மருந்துண்ட எலியைத் தின்னும் கூகையும் மடியும். அந்தமானுக்கே உரிய கூகை ஓர் இரவில் பிடிக்கும் எலிகளை உங்கள் பொறி பிடிக்காது.

கடன் கணக்கைப் பொறுத்தவரை, ஒரு குஞ்சு போனால் குஞ்சின் விலை மட்டும் போவதில்லை. முப்பது குஞ்சில் சரிபாதி பெட்டை என்றும், புறக்கடையில் ஒரு வனராஜாப் பெட்டை ஆண்டுக்கு நூறு முட்டை இடும் என்றும் கொண்டால், எதிர்பார்க்கும் வரவு 1,500 முட்டைகள். பதினொரு குஞ்சு போன வீட்டில் அவற்றில் ஐந்து பெட்டை என்றாலும் 500 முட்டைகள் போயின. மூன்றில் ஒரு பங்கு. தவணையோ வட்டியோ மூன்றில் ஒரு பங்கு குறையப்போவதில்லை.

2019 முதல் கால்நடை, மீன் வளர்ப்போருக்கும் உழவர் கடன் அட்டை வழங்கப்படுகிறது. இப்பிரிவில் இரண்டு லட்ச ரூபாய் வரை வட்டி மானியம் உண்டு; 7 சதவீத வட்டியில், உரிய நாளில் செலுத்துவோருக்கு மேலும் 3 சதவீதம் கழிக்கப்படும். ஆனால் இந்த அட்டை குஞ்சு, தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுகளுக்கானது. கூண்டும் கம்பி வலையும் மூலதனச் செலவு. அவற்றுக்குத் தனியே சிறு தவணைக்கடன் கேட்க வேண்டும். பலர் இதை அறியாமல், அட்டைப் பணத்தில் குஞ்சுகளை வாங்கிவிட்டுக் கூண்டைப் பழைய தகரத்தாலும் சாக்காலும் கட்டிச் சமாளிக்கிறார்கள். விண்ணப்பிக்கும்போதே வலை, தாழ்ப்பாள், தகரம் ஆகியவற்றின் விலைப்பட்டியலை இணைத்துத் தாருங்கள். கோழிக் காப்பீடு எடுப்பவர்கள், விலங்குகளால் நேரும் இழப்பு அதில் அடங்குமா, அடங்கினால் என்ன சான்று கேட்பார்கள் என்பதைப் பத்திரத்தில் கையெழுத்திடும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்தச் சான்றுக்கும், அடுத்த முறை நாங்கள் பார்வையிட வரும்போதும், தேதியும் நேரமும் எஞ்சியதும் குறித்த ஒரு பள்ளிக் குறிப்பேடு போதுமானது.